படைப்பின் அடியில் தொங்கும் விலைச்சீட்டு

பெண்ணிடம் வயதையும் ஆணிடம் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மாதம் என்ன வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசைதான். ஆனாலும் யாரும் நேரில் கேட்பதில்லை. புதுவண்டி வாங்கினாரா, மாடி எடுத்துக் கட்டினாரா என்று பார்த்து மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வதோடு சரி.

இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கிய சமூக வலைத்தளங்கள் 2016 முதல் வந்தன. கிரிப்டோ நாணயத்தின் மேல் கட்டப்பட்ட இந்தத் தளங்களில், ஒரு கட்டுரையோ கவிதையோ புகைப்படமோ எவ்வளவு சம்பாதித்தது என்பது அதன் அடியிலேயே எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இப்படிச் சம்பாத்தியம் ஊருக்கே தெரிவது படைப்பவரை என்ன செய்கிறது? வெளிப்படைத்தன்மை நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியுமா? அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஸ்டீமிட் எப்படி வேலை செய்தது?

இந்த வகைத் தளங்களில் முதலில் உலக அளவில் பேசப்பட்டது ஸ்டீமிட். நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகிய இருவர் 2016இல் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று முதல் முறையாகப் பணம் பட்டுவாடா செய்யப்பட்டது. எழுதுவது, படம் போடுவது, பின்னூட்டம் இடுவது எல்லாம் மற்ற தளங்களைப் போலத்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. மற்ற இடங்களில் 'விருப்பம்' எண்ணிக்கை இருக்கும் இடத்தில் இங்கே டாலர் தொகை இருந்தது. வாக்கு விழ விழ அந்த எண் ஏறும். 2017 முதல் 7 நாட்களில் கணக்கு முடியும் என்று வைத்தார்கள். அந்த 7 நாளும் தொகை ஏறுவதையும் இறங்குவதையும் எல்லோரும் வேடிக்கை பார்க்கலாம். போதாக்குறைக்கு ஒவ்வொருவருடைய பணப்பையும் திறந்த புத்தகம். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, யார் யாருக்கு அனுப்பினார் என்பது முழுக்கப் பொது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் அங்கே விளம்பரமே கிடையாது. தொடர்ந்து புதிதாக உருவாக்கப்படும் ஸ்டீம் நாணயங்களில் ஒரு பங்கை எழுதியவருக்கும் வாக்களித்தவருக்கும் பிரித்தார்கள். எழுதியவருக்கு 75 சதவீதம், வாக்களித்தவர்களுக்கு 25 சதவீதம். 2019 ஆகஸ்டில் இது பாதிக்குப் பாதி ஆனது.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்கு என்றால் ஆளுக்கு ஒரு வாக்கு அல்ல. தளத்தில் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவருடைய வாக்குக்கு. கம்பெனிப் பங்குதாரர் கூட்டம் போல. அதிகம் வைத்திருப்பவர்களைத் 'திமிங்கலம்' என்றும் அற்பமாக வைத்திருப்பவர்களைச் 'சிறுமீன்' என்றும் அங்கே அழைத்தார்கள். நூறு சிறுமீன்கள் ரசித்துப் படித்து வாக்களித்தாலும் எண் சில காசுகள்தான் நகரும். ஒரு திமிங்கலம் போகிற போக்கில் ஒரு வாக்குப் போட்டால் டாலர் கணக்கில் தாவும்.

எண்ணைப் பார்த்து எழுதுவது

சம்பாத்தியம் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் மாறுவது எழுதும் பொருள். எந்தப் பதிவுக்கு 80 டாலர், எந்தப் பதிவுக்கு 8 காசு என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் அடுத்த முறை எதை எழுதுவார்? ஸ்டீமிட்டில் ஸ்டீமிட்டைப் பற்றியே எழுதுவது பெரிய தொழிலாக இருந்தது இதனால்தான். திமிங்கலங்கள் வைத்திருந்த சொத்து ஸ்டீம். அதைப் புகழ்ந்து எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

தமிழில் எழுதுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். விருத்தாசலம் பக்கத்து நல்லூரில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி, மணிமுத்தாற்றில் மணல் போன கதையை நல்ல தமிழில் எழுதிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய திமிங்கலம் எத்தனை இருக்க முடியும்? பதிவின் அடியில் 0.04 டாலர் என்று நிற்கும். அதே ஆள் ஆற்றங்கரையில் ஒரு சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுத்து ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டால் 4 டாலர் வரலாம். யாரும் அவரைத் தமிழில் எழுதாதே என்று சொல்லவில்லை. எண் சொல்லிவிடுகிறது. அதுவும் அவருக்கு மட்டும் சொல்லவில்லை. அவருடைய கட்டுரை 4 காசு பெறும் என்று பார்க்கிற எல்லோருக்கும் சொல்கிறது. அதைப் படிக்க வந்தவரும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுரைக்குள் நுழைகிறார்.

முன்பே ஓர் எண் தெரிந்தால் வாசகரின் ரசனை எப்படி மாறும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அதிகம் அறியப்படாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்களுக்கு ஒவ்வொரு பாடலையும் முன்பு எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணும் தெரிந்தது. எண் தெரிந்த குழுக்களில் பிரபலமான பாடல் இன்னும் பிரபலம் ஆனது, பின்தங்கியது இன்னும் பின்தங்கியது. எந்தப் பாடல் முன்னுக்கு வரும் என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. ரொம்ப நல்ல பாடல் அடியோடு தோற்கவில்லை, ரொம்ப மோசமான பாடல் முதலிடம் பிடிக்கவில்லை. இடையில் இருந்த பெரும்பாலான பாடல்களின் தலைவிதி மட்டும் முதலில் யார் தொட்டார்கள் என்பதில் இருந்தது.

அது வெறும் இறக்க எண்ணிக்கை. அந்த இடத்தில் பணத்தை வைத்தால் என்ன ஆகும்? ஸ்டீமிட்டின் முதன்மைப் பக்கமே எந்தப் பதிவில் அதிகத் தொகை நிற்கிறதோ அதை மேலே காட்டியது. அதனால் ஒரு கடை தொடங்கியது. 'பாட்' எனப்படும் தானியங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பினால் அது பெரிய வாக்கைப் போடும். காசு கொடுத்து வாங்கிய எண்ணும் உழைத்து வாங்கிய எண்ணும் பதிவின் அடியில் ஒரே மாதிரிதான் தெரியும். கொஞ்ச காலத்தில் முதன்மைப் பக்கம் விளம்பரப் பலகை ஆகிவிட்டது என்று அங்கே எழுதியவர்களே புலம்பினார்கள். 2019 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியது இதைச் சரிசெய்யத்தான். ஆனால் அதற்குள் பலர் கிளம்பிவிட்டார்கள்.

மொய்யும் வாக்கும்

தமிழர்களுக்குப் பொதுவில் தெரியும் பணம் ஒன்றும் புதிதல்ல. மொய் அப்படித்தான். கல்யாணப் பந்தலில் நோட்டுப் போட்டு எழுதுவார்கள். சில ஊர்களில் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் சொல்வதும் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். அந்த எண் எல்லோருக்கும் தெரிவதால் பெரிய கெடுதல் நடப்பதில்லை. ஏன்? அந்தத் தொகைக்கு என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மொய் குறைந்தால் சாம்பாரில் உப்புக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை.

ஸ்டீமிட்டிலும் மொய் நடந்தது. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று வட்டம் வட்டமாகச் சேர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த மொய்த் தொகை அங்கே எழுத்தின் தரத்துக்கு விலை என்ற வேடத்தில் நின்றது. வட்டத்தில் இருப்பவருடைய சாதாரணக் கட்டுரைக்கு 50 டாலர், வட்டத்தில் இல்லாதவருடைய நல்ல கட்டுரைக்கு 50 காசு. வெளியே இருந்து பார்க்கிற புதியவர் 'நம் எழுத்து மட்டம்' என்றுதான் நினைப்பார். இதுதான் இந்தத் தளங்கள் செய்த பெரிய தீங்கு. பணம் குறைவாகக் கிடைத்ததை விட, பணத்தைத் தன் திறமையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வைத்தது.

ஏறிய எண் இறங்கும்போது

இன்னொரு கொடுமையும் இருந்தது. எதிர் வாக்குப் போட்டால் தொகை குறையும். காலையில் 20 டாலர் நின்ற பதிவில் மாலை 3 டாலர் நிற்கலாம். கானமன், ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இல் எழுதியது வணிகவியல் மாணவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியை விட, அதே அளவு இழப்பதால் வரும் வலி பெரியது. யூடியூபில் ஒருவருக்கு 3 டாலர் வந்தால் அது 3 டாலர் வரவு. இங்கே 20 வந்து 3 ஆனால் அது மனதளவில் 17 டாலர் நஷ்டம். கைக்கு வராத பணம், ஆனாலும் நஷ்டம். அதையும் ஊர் பார்க்கிறது.

எதிர் வாக்கு இல்லாவிட்டாலும் நாணயத்தின் சந்தை விலை போதும். 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் 7 டாலரைத் தாண்டிப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. நவம்பரில் நிறுவனம் ஊழியர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேரை வெளியே அனுப்பியது. அதே ஆள், அதே உழைப்பு, அதே வாசகர்கள். ஆனால் ஜனவரியில் நூறு டாலர் பெற்ற எழுத்துக்கு டிசம்பரில் சில டாலர். தன் எழுத்து மோசமாகிவிட்டதா, நாணயம் மோசமாகிவிட்டதா என்று பிரித்துப் பார்க்க அந்த எண்ணில் வழி இல்லை. 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் நிறுவனத்தை வாங்கினார். அதை ஏற்காதவர்கள் மார்ச் 20 அன்று ஹைவ் என்று தனியாகப் பிரிந்தார்கள். ஆள் மாறியது, பெயர் மாறியது, பதிவின் அடியில் எண் மட்டும் மாறாமல் தொடர்ந்தது.

பதிவுக்கு விலை போட்டது போதாதென்று மனிதருக்கே விலை போட்ட தளமும் வந்தது. 2023 ஆகஸ்டில் வந்த ஃப்ரெண்ட்.டெக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'சாவி'. வாங்குபவர் கூடினால் சாவியின் விலை ஏறும், விற்றால் இறங்கும். ஒருவரின் விலை இன்று என்ன என்று எல்லோரும் பார்க்கலாம். ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டியது, 2024 செப்டம்பரில் அதை உருவாக்கியவர்களே கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். பேச வந்தவர்களை விட விலை ஏறும் என்று வந்தவர்களே அதிகம் இருந்தால் எந்தக் கூட்டமும் இப்படித்தான் கலையும்.

அப்படியானால் மறைத்து வைப்பதுதான் நல்லதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. மறைவிலும் கேடு உண்டு. யூடியூபில் ஒருவருடைய வருமானம் அவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் 'வீட்டிலிருந்தே மாதம் லட்சம்' என்று யார் வேண்டுமானாலும் அளந்துவிட முடிகிறது. அதை நம்பிப் படிப்பை விட்டவர்கள், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஸ்டீமிட்டில் அந்தப் பொய் எடுபடாது. பணப்பையைத் திறந்து பார்த்தால் போயிற்று. தனக்குத் தானே வாக்குப் போட்டவர்களையும், காசுக்கு வாக்கு விற்றவர்களையும் கண்டுபிடித்ததும் கணக்குப் பொதுவில் இருந்ததால்தான். தணிக்கை செய்பவருக்கு இதை விட நல்ல பேரேடு கிடைக்காது.

கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். தெரியும் வருமானம் எப்போது கெடுக்கிறது, எப்போது கெடுப்பதில்லை?

கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் ஒரு இணையதளத்தில் வெளியானபோது நடத்திய ஆய்வு 2012இல் வந்தது. தன்னைப் போன்றவர்களை விடக் குறைவாக வாங்குவதைக் கண்டுபிடித்தவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகம் வாங்கியவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. அதாவது நஷ்டம் உண்டு, அதற்கு ஈடான இலாபம் இல்லை.

இதை விட நமக்கு நெருக்கமானது ஒடிசாவில் நடந்த ஆய்வு. பிரேசா, கவுர், ஷம்தாசனி ஆகிய மூவர் சிறுதொழிற்கூடங்களில் நாட்கூலிக்கு வேலை செய்பவர்களை வைத்துச் செய்தது, 2018இல் வெளிவந்தது. சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் ஆளுக்கு ஆள் வேறு கூலி. தன் கூலி குறையாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் என்று தெரிந்தவர்களிடம் உற்பத்தி குறைந்தது. வேலைக்கு வராத நாட்கள் கூடின. ஆனால் பக்கத்தில் இருப்பவர் அதிகம் செய்கிறார் என்பது கண்ணால் பார்த்துத் தெரியும்படி இருந்த இடங்களில் இந்தப் பாதிப்பே இல்லை!

விடை இதில்தான் இருக்கிறது. வருமானம் தெரிவது மட்டும் மனிதரை உடைப்பதில்லை. வருமானம் தெரிந்து, அதன் காரணம் தெரியாமல் இருப்பதே உடைக்கிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒடிசா வரை போக வேண்டியதில்லை. செராமிக் கூடத்தில் எண்ணிக்கைக் கூலிக்கு அகல்விளக்கு செய்தால் யாருடைய பலகையில் எத்தனை விளக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். வாரக் கூலி கூடுதலாக வாங்கியவரைப் பார்த்து யாருக்கும் குழப்பம் வராது. பொறாமை வரலாம், ஆனால் 'ஏன் அவருக்கு?' என்ற கேள்வி வராது. பழமலைநாதர் கோயில் கதையும் அதுவே. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு வன்னி மர இலைகளைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொற்காசாக மாறியதாம். கூலி வேலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்ற மக்களின் ஆசை அந்தக் கதையில் இருக்கிறது. ஸ்டீமிட்டும் இலையைத்தான் கொடுத்தது. ஆனால் அந்த இலை பொன்னானது வேலையின் அளவைப் பார்த்து அல்ல, அந்த வழியாகப் போன பணக்காரரின் அளவைப் பார்த்து.

அந்த எண் வருமானமே அல்ல

இன்னும் ஒரு விஷயம். கணக்குப் பாடத்தில் முதல் ஆண்டிலேயே முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று சொல்லித் தருவார்கள். வரக்கூடிய நஷ்டத்தைக் கணக்கில் எடு, கைக்கு உறுதியாகாத இலாபத்தை எடுக்காதே என்பது அதன் சாரம். பதிவின் அடியில் நின்ற டாலர் இந்தக் கொள்கைக்கு நேர் எதிர். அதில் ஒரு பகுதி வாக்களித்தவர்களுக்குப் போகும். எழுதியவர் பங்கிலும் பாதி பொதுவாகத் தளத்துப் பங்காகத்தான் கிடைக்கும். அதை வெளியே எடுக்க அப்போது 13 வாரத் தவணை இருந்தது. அந்த 13 வாரத்தில் விலை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்றும் கதையில் வருகிறது. இந்தியப் படைப்பாளிகள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. வங்கிகள் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்களுக்குக் கதவைச் சாத்தின. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இந்தச் சொத்துகளை விற்று வரும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீதம் பிடித்தம் வேறு. கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது நல்ல செய்தி. ஆனால் சொத்து என்று ஆனதால் மட்டும் ஆற்றில் போட்டது குளத்தில் முழுசாகக் கிடைத்துவிடாது.

ஆகவே மூன்று தவறுகள் அந்த ஒரே எண்ணில் இருந்தன. அது வருமானம் அல்ல, வருமானம் போலத் தெரிந்தது. அது தரத்தின் அளவு அல்ல, தரம் போலத் தெரிந்தது. அதன் காரணம் மறைந்திருந்தது, ஆனால் எல்லாம் வெளிப்படை என்று சொல்லப்பட்டது.

என்ன செய்யலாம்?

கணக்கு பொதுவில் இருக்கட்டும். அதைப் பூட்ட வேண்டாம். ஏமாற்றுபவரைப் பிடிக்க அது வேண்டும். ஆனால் பேரேடு வேறு, கடை வாசலில் தொங்கும் பலகை வேறு. தேடிப் போய்ப் பார்க்க விரும்புபவர் பார்க்கட்டும், படிக்க வந்தவரின் கண்ணில் அதைத் திணிக்க வேண்டாம். நார்வேயில் குடிமக்களின் வரிக் கணக்கு பொதுவில் இருக்கிறது. 2001இல் அது இணையத்தில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஏழை பணக்காரர் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி கூடியது என்று ஒரு ஆய்வு காட்டியது. 2014இல் அவர்கள் கணக்கை மூடவில்லை. யார் தன்னைத் தேடிப் பார்த்தார்கள் என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும் என்று மாற்றினார்கள். வெட்டி வேடிக்கை வெகுவாகக் குறைந்தது.

அதுபோல 7 நாள் முடியும் வரை தொகையை மறைக்கலாம். முதன்மைப் பக்கத்தைத் தொகையை வைத்து அடுக்காமல் இருக்கலாம். கைக்கு உண்மையில் வரும் தொகையை மட்டும் எழுதியவருக்குக் காட்டலாம். எத்தனை பேர் வாக்களித்தார்கள், அதில் ஒரே ஒரு பெரிய வாக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பக்கத்திலேயே போடலாம். ஸ்டீமிட்டில் 'இந்தப் பதிவுக்குப் பணம் வேண்டாம்' என்று குறிக்கும் வசதியும் இருந்தது. அதைப் போல 'தொகையைக் காட்ட வேண்டாம்' என்றும் ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனையோ பேர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

படைப்பவருக்குப் பணம் கிடைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. காலம் காலமாக எழுதுபவனுக்கு மாலை, பதிப்பிப்பவனுக்குப் பணம் என்றிருந்ததை மாற்ற நினைத்தது நல்ல எண்ணம்தான். ஆனால் நல்லூரிலிருந்து எழுதும் அந்த மாணவிக்கு 4 காசு கிடைப்பது பெரிய விஷயமல்ல. பலர் ஒன்றும் கிடைக்காமலே வருஷக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 'உன் கட்டுரையின் மதிப்பு 4 காசு' என்று ஊருக்கெல்லாம் தெரியும்படி எழுதி ஒட்டுவதுதான் அவரை நிறுத்துகிறது. இந்த வித்தியாசம் புரிந்தவர்கள் அடுத்த தளத்தைக் கட்டினால் நன்றாக இருக்கும்.